கலவைத் தாள்

தீவனக் கலவை இயந்திரத்தின் சிவப்பு விளக்கு முதல் நாள் எரிந்தபோது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குளிர்காலத்துக் காலைகளில் அது எரிவது வழக்கம். எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும். டிராக்டர் பத்து நிமிடம் ஓடிச் சூடானால் விளக்கு தானே அணைந்துவிடும். இரண்டாம் நாள் அணைய அரை மணி நேரமாயிற்று. மூன்றாம் நாள் அணையவே இல்லை. போதாததற்கு இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு கீச்சொலியும் கிளம்பிற்று. கொட்டகையில் நின்ற எழுபது மாடுகளும் ஒன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்தன.

அந்த இயந்திரம் டிராக்டருக்குப் பின்னால் இழுபட்டுச் செல்லும் ஓர் இரும்புத் தொட்டி. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும். உள்ளே கத்தி பதித்த திருகு ஒன்று நின்றவாக்கில் சுழலும். வைக்கோல், ஊறவைத்த சோளத்தட்டை, புண்ணாக்கு, தவிடு, உப்பு, வெல்லப்பாகுத் தண்ணீர் எல்லாவற்றையும் அது வெட்டிப் புரட்டி ஒன்றாக்கும். பிறகு பக்கவாட்டுக் கதவு மேலே எழும்; வண்டி நகர நகர, கலவை மாடுகளின் முன்னால் நீளமாக விழுந்துகொண்டே போகும். அந்தக் கதவை ஏற்றி இறக்குவது மெல்லிய கறுப்புக் குழாய்களுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கின் பொருள் அவ்வளவுதான் என்று அந்த வீட்டார் நினைத்திருந்தார்கள்.

வீட்டார் மூன்று பேர். பண்ணைக்குச் சொந்தக்காரரை அக்கம்பக்கத்தில் ‘விரல்காரர்’ என்பார்கள். மாட்டு வைத்தியர் வைத்த பெயர் அது. பசுவின் மடியை நான்கு விரல்களால் வருடிவிட்டு, இந்தக் காம்பில் நாளைக்குப் பால் திரியும் என்று அவர் சொன்னால், மறுநாள் திரியும். வைத்தியரே மருந்தை ஊசியில் ஏற்றும் முன்பு, எதற்கும் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்பார். பாலின் சூடு, வயிற்றுக்குள் கன்று கிடக்கும் வாகு, கயிற்றில் நைந்த இடம் எல்லாம் அவருக்கு வலக்கை சொல்லித்தான் தெரியும். கண் என்ன சொன்னாலும் அவர் ஒருமுறை விரலையும் கேட்டுக்கொள்வார்.

அவருடைய மனைவிக்கு ‘டீச்சர்’ என்று பெயர். அவள் எந்தப் பள்ளியிலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. எதையும் எழுதி ஒட்டாமல் அவளால் இருக்க முடியாது; அதற்காகக் கணவர் கொடுத்த பட்டம். சாவி மாட்டும் ஆணிக்கு மேல் ‘சாவி’ என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

“ஒட்டலேன்னா சாவிக்கு வழி தெரியாதா?” என்று மாமனார் கேட்டார்.

“சாவிக்குத் தெரியும் மாமா. உங்களுக்குத்தான் தெரியறதில்ல.”

மாமனார் முப்பத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். இன்றும் ‘டிரைவர்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். உலகத்தில் எது பழுதானாலும், அதே பழுது தம் லாரியில் வந்து தம் கையால் சரியான கதை ஒன்று அவரிடம் இருக்கும்.

கலவை இயந்திரத்திலும் டீச்சரின் தாள் ஒன்று இருந்தது. எழுபது மாட்டுக்கு எது எத்தனை கிலோ, எதை முதலில் போடுவது, எத்தனை நிமிடம் சுழலவிடுவது என்று வட்டவட்டமான எழுத்தில் எழுதி, கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, கதவை இயக்கும் லீவருக்கு அருகில் கண்மட்டத்தில் பதித்திருந்தாள். துரு ஏறாமல், ஒட்டினால் நிற்கும்படி வழவழப்பாக அந்தத் தொட்டியில் இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே முன்பே ஏதோ ஒரு மஞ்சள் படம் ஒட்டியிருந்தது. அந்த இடம் வழவழப்பாக இருந்ததற்குக் காரணமும் அதுவே.

மூன்றாம் நாள் காலையில் பனி இறங்கியிருந்தது. கொட்டகையின் மறுகோடி தெரியவில்லை. அங்கே நின்ற மாடுகளின் மூச்சு மட்டும் புகையாகத் தெரிந்தது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கலவை தயாராகித் தொட்டிக்குள் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் லீவரை இழுத்தாள். கதவு ஒரு சாண் எழுந்து நின்றுவிட்டது.

“எண்ணெய் குறைஞ்சிருக்கும், ஊத்துங்க,” என்றார் டிரைவர், போர்வைக்குள்ளிருந்து. “ஒரு தடவை மலையில இறங்கிட்டிருக்கேன், பிரேக்ல இதே மாதிரிதான்...”

“அந்தக் கதையில கடைசியில நீங்க மரத்துல மோதினீங்க மாமா.”

“மரம்தான் மோதிச்சு.”

விரல்காரர் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். டீச்சரின் அண்ணன் நகரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். கைப்பேசியை டிராக்டரின் சக்கர மூடிமேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்கள்.

“விளக்கு மட்டுமா, சத்தமும் வருதா?”

“ரெண்டும்தான் மச்சான். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தப்போ நீங்க ஒரு சத்தம்தான் கொடுத்தீங்க. இப்ப ரெண்டாயிருச்சு.”

“அதுக்கு நான் பொறுப்பில்ல மாப்பிள்ளை. எண்ணெய் அளவைப் பாருங்க. பின்னால சின்னக் கண்ணாடி இருக்கும். கோட்டுக்கு மேலயா, கீழயா?”

“கீழ. ரெண்டு விரக்கடை.”

“நேத்து ஊத்தலியா?”

“நாலு லிட்டர் ஊத்தினேன். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு.”

மறுமுனையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மெக்கானிக் சற்று யோசித்தார். “அப்ப வெளியில எங்கயோ போகுது. கீழ ஒழுகியிருக்கா?”

டீச்சர் குனிந்து பார்த்தாள். தொட்டிக்கு அடியில் தரை காய்ந்து, வைக்கோல் தூசு படிந்து கிடந்தது. “ஒரு சொட்டு இல்ல அண்ணே.”

“வடிகட்டி அடைச்சா அழுத்தம் குறையும். ஆனா எண்ணெய் குறையாது. குழாய்லதான் எங்கயோ இருக்கு. நீ லீவரை இழுத்துப் பிடிச்சுக்கோ, அழுத்தம் ஏறட்டும். மாப்பிள்ளை குழாயைப் பார்த்து எந்த இடம்னு சொல்லட்டும். நான் அதே அளவுக்குக் குழாய் எடுத்துட்டு வர்றேன். இருங்க, இங்க ஒரு ஆள் நிக்கிறார், ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன்.”

மெக்கானிக் அந்த இரண்டு நிமிடத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப எண்ணப்போகிறார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

டீச்சர் லீவரை இழுத்துப் பிடித்தாள். குழாய்கள் மெல்ல விறைத்தன. விரல்காரர் மண்டியிட்டு முகத்தை நெருக்கிப் பார்த்தார். பனியால் எல்லாக் குழாய்களும் நனைந்திருந்தன. வெல்லப்பாகு வழிந்து பிசுக்கேறியும் இருந்தன. எது எண்ணெய், எது தண்ணீர் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. துணியால் துடைத்தார். துடைத்த இடம் உடனே வியர்த்தது.

“பார்த்தா ஒண்ணும் தெரியல.”

அவர் வலக்கை உறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மடி பார்க்கும் முன்பு அவர் அப்படித்தான் செய்வார். இருபது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய அந்த அசைவை அவள் பார்த்தாள், எதுவும் தோன்றவில்லை.

“இன்னும் கொஞ்சம் இழு, டீச்சர்.”

அவள் இழுத்தாள். இரண்டு கைகளாலும், உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து இழுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான்கு விரல்களையும் குழாயின் மேல் மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். குழாய் மடங்கும் இடத்தில் விரல் நின்றது.

“ஸ்,” என்று கையை எடுத்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. குழாய்க்குள்ள இருக்கிற கம்பி நார் குத்திருச்சு.” சுட்டுவிரலை வாயில் வைத்துச் சப்பித் துப்பினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவிற்று. “இங்கதான். கண்டுபிடிச்சாச்சு. கண்ணாடி போட்ட மெக்கானிக்கா இருந்தா நாள் பூரா தேடியிருப்பான்.”

டீச்சர் லீவரை விட்டாள். சக்கர மூடிமேல் கிடந்த கைப்பேசியில் மணி பார்த்து, காதில் செருகியிருந்த பென்சிலால் தன் கலவைத் தாளில் கண்ணாடித்தாள் மூடாத அட்டை ஓரத்தில் எழுதினாள்: இடப்பக்கக் குழாய், மடங்கும் இடம், 6.42. அண்ணன் வந்து கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா?

மாடுகள் காத்திருக்கவில்லை. பசி பொறுக்காமல் ஒன்று தொடங்க, கொட்டகை முழுவதும் கத்தத் தொடங்கிற்று. ஒரு சாண் இடைவெளி வழியாகக் கலவையை வைக்கோல் அள்ளும் முட்கரண்டியால் இழுத்து இழுத்துக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று பேரும் இழுத்தார்கள். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு மாடுகளுக்குப் போட்டார்கள். டிரைவர் நடுவில் எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார்.

விரல்காரர் குவளையை இடக்கையால் வாங்கினார்.

டீச்சர் அதைக் கவனித்தாள். பிறகு முட்கரண்டியும் இடக்கைக்கு மாறியிருப்பதைக் கவனித்தாள். வலக்கையை அவர் இடுப்போடு சேர்த்து வைத்திருந்தார்.

“கையைக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு.”

மரத்துப்போன விரல் என்று அவர் வாயிலிருந்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சுட்டுவிரல் மெழுகைப் போல வெளுத்து, பக்கத்து விரலைவிடப் பெரிதாக இருந்தது. நடுக்கணுவில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி. ரத்தம் இல்லை. அவள் நகத்தால் அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“எப்ப அழுத்தப் போறே?” என்றார் அவர்.

அவள் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அடித்தது. “என்னம்மா, பார்த்தீங்களா? வந்த ஆள் இப்பத்தான் விட்டார்.”

“இடப்பக்கக் குழாய் அண்ணே, மடங்குற இடத்துல. அவருக்கு விரல்ல ஏதோ நார் குத்திருச்சு. வெளுத்துப் போயிருக்கு.”

மறுமுனையில் சுத்தியல் சத்தம் நின்றது. நிறுத்தச் சொல்லி மெக்கானிக் கை காட்டியிருக்க வேண்டும். “விரல் எப்படி அங்க போச்சு?”

“தடவிப் பார்த்தார்.”

“நீ லீவரைப் பிடிச்சிருந்தப்பவா?”

“ஆமா. நான்தான் பிடிச்சிருந்தேன்.”

“நல்லாக் கேளு. அது நார் இல்ல. குழாய்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கும். அந்த அழுத்தத்துல எண்ணெய் புகை மாதிரி சிதறிரும், கண்ணுக்கே தெரியாது. தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிரும். உள்ள போய் விரலோட நிக்காது, உள்ளங்கைக்கு ஓடும். இப்ப வலிக்காது, அதுதான் மோசம். அறுத்துக் கழுவணும். இன்னிக்கே, இப்பவே. எத்தனை மணிக்குக் குத்திச்சு?”

“ஆறு நாற்பத்திரண்டு.”

“புல்டோசர் ஓட்டுற ஒருத்தர் என்கிட்ட வருவார். அவருக்கும் இப்படித்தான் குத்திச்சு; மஞ்சள் பத்து போட்டுக்கிட்டு ரெண்டு நாள் வீட்டுல இருந்தார். முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்கம்மா.”

விரல்காரர் முட்கரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “மச்சான், பயமுறுத்தாதீங்க. எழுபது மாடு கத்துது. போட்டு முடிச்சுட்டுப் போறேன்.”

“எறும்புக் கடிக்கு ஆஸ்பத்திரியா?” என்றார் டிரைவர். “முப்பத்திரண்டு வருஷம் என் கையில எண்ணெய் படாத நாள் கிடையாது. கை என்ன கரைஞ்சா போச்சு?”

“மேல படறது வேற, மாமா,” என்றாள் டீச்சர்.

“நீங்க யாரும் நம்பலேன்னா ஒரு அட்டையை வச்சுப் பாருங்க,” என்றது கைப்பேசி. “கம்புல கட்டி, தள்ளி நின்னு. கையைக் கிட்ட கொண்டுபோனா உங்க கையும் போயிரும்.”

கொட்டகையில் அட்டை ஒன்றுதான் இருந்தது. டீச்சர் தன் கலவைத் தாளின் மூலையில் நகத்தைக் கொடுத்து உரித்தாள். நான்கு ஆண்டுப் பசை ஒவ்வொரு மூலையாக மனமில்லாமல் விட்டது.

அடியில் இருந்த மஞ்சள் படம், இயந்திரம் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு இருந்தது. வெயிலும் தூசும் படாமல் அவளுடைய தாள் அதை அவ்வளவு பத்திரமாகக் காத்திருந்தது. கறுப்பில் ஒரு குழாய். குழாயிலிருந்து ஒரு மெல்லிய கோடு. கோட்டின் முனையில் ஒரு கை. அதன் சுட்டுவிரலைக் கோடு துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி வரைந்திருந்தார்கள்.

பின்னால் நின்ற டிரைவரும் பார்த்தார்.

அட்டையைச் சாணம் தள்ளும் நீண்ட கம்பின் முனையில் கட்டினாள். விரல்காரரைக் கொட்டகைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். “மாமா, லீவரை இழுங்க.”

டிரைவர் இழுத்தார். டீச்சர் கம்பை நீட்டி, மடங்கும் இடத்துக்கு அருகில் அட்டையைக் கொண்டுபோனாள். மாடுகளின் கத்தலுக்கிடையில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு சீறல். அவ்வளவுதான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பை இழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு துளை. கண்ணாடித்தாளையும் காகிதத்தையும் கெட்டி அட்டையையும் ஒன்றாகத் துளைத்து, பின்பக்கம் கறுப்பாக வழிந்திருந்தது. டிரைவர் அதை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். துளை வழியாக ஒரு மாட்டின் கண் தெரிந்தது.

அவர் லீவரை விட்டார். “வேன் சாவி எங்க?” என்றார்.

வேன் சாவி மட்டும் இரண்டு ஆண்டுகளாக அந்த ஆணியில் இல்லை. ஒரு கண்ணில் புரை முற்றியபின்பு கிழவர் வண்டி எடுக்கக் கூடாது என்று மகன்தான் ஒளித்து வைத்திருந்தார். டீச்சருக்கு டிராக்டரைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. ஆம்புலன்ஸ் அந்தப் பனியில் வந்து திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும்.

“உப்புத் தொட்டியில,” என்றார் விரல்காரர் தலையைக் குனிந்துகொண்டு.

“ரெண்டு வருஷமா தினம் அந்த உப்பை நான்தானே அள்ளுறேன்,” என்றார் டிரைவர். “அடியில வச்சிருக்கியா. கெட்டிக்காரன்தான்.”

டிரைவர் வேனை எடுத்தார்; டீச்சர் நடுவில் உட்கார்ந்தாள். மடியில் அட்டை. சன்னல் ஓரத்தில் விரல்காரர் வலக்கையை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். பனி கண்ணாடிமேல் வந்து மோதிற்று.

“இடப்பக்கம் சைக்கிள், மாமா.”

“தெரியுது.”

“அதுக்குப் பின்னால இன்னொரு சைக்கிள்.”

“அது தெரியல,” என்று ஒப்புக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்.

விரல்காரர் கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடாதீர்கள் என்று அவள் சொல்ல நினைத்தாள், முடியவில்லை. வீக்கம் அடிக்கணுவைத் தாண்டி உள்ளங்கையின் விளிம்புக்கு வந்திருந்தது. இப்போது வலி தொடங்கியிருப்பது அவர் பேசாமல் இருந்ததிலிருந்து தெரிந்தது.

“உள்ளே ஏதோ நகர்ற மாதிரி இருக்கு,” என்றார் சிறிது நேரம் கழித்து. அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “டீச்சர், நீ அதை ரொம்ப இழுத்தியா?”

கேள்வியில் குற்றம் இல்லை. எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று அறிய விரும்பினார். மாட்டின் சூடு எத்தனை நாளாக என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

“ரெண்டு கையாலயும் இழுத்தேன்,” என்றாள்.

அவர் தலையசைத்தார். அதற்குப்பின் அவள் சைக்கிள்களை மட்டும் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வழியில் இருந்த சிறிய மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் இருந்தார். நல்லவர், முன்பின் பார்க்காத புண் அது. விளக்கைப் பிடித்து விரலைப் பார்த்தார். “சின்னத் துளைதான். டெட்டனஸ் ஊசி போட்டுடுறேன். மாத்திரை எழுதித் தர்றேன், மூணு நாள் சாப்பிடட்டும். வீக்கம் ஜாஸ்தியானா வாங்க.”

விரல்காரரின் முகம் தெளிந்ததை டீச்சர் பார்த்தாள். மூன்று நாள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தெளிவு அவளைப் புண்ணைவிடப் பயமுறுத்திற்று.

அந்நியர் முன்னால் அவள் பேசுகிறவள் அல்ல. கடைக்குப் போனால்கூட எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பவள். இப்போது அட்டையை மேசைமேல் வைத்தாள்.

“இதைப் பாருங்க டாக்டர்.”

“என்னம்மா இது? மாட்டுக்கு என்ன போடணும்னு எழுதியிருக்கு.”

“நடுவுல பாருங்க. அவர் விரல் எங்க இருந்துச்சோ அங்க இதைக் காட்டினோம். ஒரு நொடிதான் காட்டினோம். அவர் விரல் அதைவிட அதிக நேரம் இருந்துச்சு.” அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். “அறுத்துக் கழுவணும்னு சொன்னாங்க. உங்களால முடியாதுன்னா எங்க போகணும்னு சொல்லுங்க. மூணு நாள்னு மட்டும் சொல்லாதீங்க. இவர் கேட்டுக்குவார்.”

மருத்துவர் அட்டையை எடுத்து விளக்கின் முன் பிடித்தார். துளையைப் பார்த்தார்; பின்பக்கத்து எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார்; விரல்காரரின் கையைப் பார்த்தார். ஊசியை ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸும் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தொலைபேசியில் யாரையோ அழைத்து, தாழ்ந்த குரலில் ஒரு நிமிடம் பேசினார். பேசப் பேச அவர் முதுகு நேரானது.

திரும்பியபோது, “சாப்பிட்டாரா?” என்று மட்டும் கேட்டார்.

“ஏழு மணிக்கு ஒரு தேநீர்.”

“இனிமே எதுவும் கொடுக்காதீங்க. எங்க ஆம்புலன்ஸ்லயே அனுப்புறேன். ஊசியைப் போட்டதும் கிளம்புங்க.” அட்டையை அவளிடமே நீட்டினார். “இதை அங்கயும் காட்டுங்க.”

டிரைவர் வேனை அங்கேயே விட்டுவிட்டு ஆம்புலன்சில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். அந்த ஓட்டுநருக்கு அவர் வழி நெடுகிலும் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை.

பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். கேள்விகளைத் தந்திபோலக் கேட்டார். என்ன எண்ணெய்? எத்தனை அழுத்தம்? எந்தக் கை பழக்கம்? கடைசியாக, “எப்போது?”

“ஆறு நாற்பத்திரண்டு.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “பொதுவா காலையிலம்பாங்க. நீங்க நிமிஷத்தோட சொல்றீங்க.”

அந்த நிமிடத்தில் லீவர் யார் கையில் இருந்தது என்று டீச்சர் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும் முன்பு விரல்காரர் இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “மச்சான் வந்துட்டாரா பாரு. அந்தக் கலவை மதியத்துக்குள்ள சூடாயிரும். கெட்டுப் போனதைப் போட்டுடப் போறாங்க.”

“வந்திருப்பார்.”

“மூணாவது வரிசையில கறுப்புப் பசு. பின்காம்பு ரெண்டும் நேத்தே கொஞ்சம் கனமா இருந்துச்சு. யார்கிட்டயாவது சொல்லி...” யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவு மூடிற்று.

நடையில் ஒரு நீண்ட பெஞ்சு. மருந்து வாசனையோடு மாமனார், மருமகள் இருவர் உடம்பிலிருந்தும் எழுந்த வெல்லப்பாகு வாசனையும் சேர்ந்துகொண்டது. எதிரே ஒரு கடிகாரம். அது அவளுக்கு வேண்டாத வேலை ஒன்றைக் கொடுத்தது. ஒரு மணி நேரம், ஒன்றரை, இரண்டு. அறுவை அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் டிரைவர் எழுந்து நின்றார். யாரோ வேறொருவர் போனதும் உட்கார்ந்தார்.

“நாலு வருஷமா அந்தப் படம் அங்கதான் இருந்திருக்கு,” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

“தாள் ஒட்டுறதுக்கு முன்னாடியும் அங்கதான் இருந்துச்சு,” என்றார் டிரைவர். “அப்ப மட்டும் யார் பார்த்தோம்?”

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து அறுவை மருத்துவர் வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டார்.

“விரல் நுனியிலிருந்து உள்ளங்கை நடு வரைக்கும் திறந்திருக்கேன். எண்ணெய் அதுவரைக்கும் போயிருந்துச்சு, மணிக்கட்டைத் தாண்டல. கழுவியாச்சு. தைக்காம திறந்தே வச்சிருக்கேன், நாளன்னிக்கு மறுபடி உள்ள போய்ப் பார்க்கணும்.”

“கை?” என்று கேட்டார் டிரைவர்.

“கை இருக்கும்னு நினைக்கிறேன். இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தா இந்தப் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும். சுட்டுவிரலைப் பத்தி நாளன்னிக்குத்தான் சொல்வேன். இருந்தாலும் மடங்குறது கஷ்டம்தான். நுனியில உணர்ச்சி திரும்பாது. அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்குங்க. அவர் என்ன தொழில் பண்றார்?”

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டிரைவர் முந்திக்கொண்டார். “மாடு பார்ப்பான்,” என்றார்.

மாலை நான்கரை மணிக்கு மெக்கானிக் கூப்பிட்டார். பின்னணியில் மாடுகளின் கத்தல் இல்லை. “எப்படி இருக்கார்?”

“கை இருக்கும்னு சொல்றாங்க. விரலைப் பத்தி இன்னும் சொல்லல. மருந்துல தூங்குறார்.”

அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. “கையை வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். நான் போனை வச்சுட்டேன்.”

“நான் லீவரைப் பிடிச்சிருந்தேன் அண்ணே.”

அதற்கு மேல் அதைப் பங்கிட்டுக்கொள்ள முடியவில்லை. மெக்கானிக் வேலைக்குத் திரும்பினார்.

“குழாய் மாத்தியாச்சு. விளக்கு அணைஞ்சிருச்சு. காலைக் கலவையைச் சூடாகுறதுக்குள்ள போட்டு முடிச்சுட்டோம். இப்ப சாயங்காலத்துக்குக் கலக்கணும். எது எவ்வளவுன்னு தெரியல, உன் தாளைத் தேடிப் பார்த்தேன், காணோம்.”

“என்கிட்ட இருக்கு. எழுதிக்குங்க.”

அட்டை மடியில் கிடந்தது. காலையில் விழுந்த துளையிலிருந்து எண்ணெய் பரவி, அதன் நடு கறுத்துப் போயிருந்தது. “வைக்கோல் முதல்ல. இருநூத்தி எண்பது. நல்லா வெட்டுப்பட்ட பிறகு சோளத்தட்டை, ஆயிரத்து நானூறு,” என்று தொடங்கினாள். புண்ணாக்கும் தவிடும் தடங்கலின்றி வந்தன. “உப்பு எட்டு. தாதுப்பொடி அஞ்சரை. பாகுத் தண்ணி கடைசியில, திருகு ஓடிக்கிட்டே இருக்கும்போது. அப்புறம் பன்னிரண்டு நிமிஷம்.”

“உப்பு எட்டா, பத்தா?”

“எட்டு.”

சொல்லி முடித்தபின்புதான் அவள் மடியைப் பார்த்தாள். அட்டை குப்புறக் கிடந்தது. அவள் அதைத் திருப்பவே இல்லை. நான்கு ஆண்டுகளாக நாள் தவறாமல் இரண்டு வேளை கலந்திருக்கிறாள். ஒருமுறைகூட அந்தத் தாளைப் பார்த்துக் கலந்ததாக நினைவில்லை. அவருக்கும் மனப்பாடம்தான். மாமனாருக்கு எழுத்தே தெளிவாகத் தெரியாது.

“பாப்பா, இருக்கியா?” என்றார் அண்ணன். “நீ வந்து புதுசா எழுதிக்குவியா? அந்த இடம் காலியா இருக்கு. ஏதோ மஞ்சப் படம் தெரியுது.”

“அதுல எதையும் ஒட்டாதீங்க அண்ணே,” என்றாள். “பாகு தெறிச்சிருக்கும். ஈரத்துணியால துடைச்சு விடுங்க.”